நெஞ்சறையில் நீரும் காற்றும்: தட்டியறிதலும் தமிழ் மருத்துவமும்

கொடிகாமம் சந்தையிலே தேங்காய் வாங்குவோர் காயைக் காதருகே பிடித்துக் குலுக்கிப் பார்ப்பர். பலாப்பழம் வாங்குவோர் விரலால் தட்டிப் பார்ப்பர். வெட்டிப் பாராமல் உள்ளிருப்பதை ஒலியால் அறியும் இவ்விரு வழக்கங்களும் தென்மராட்சியார்க்குப் பிறர் சொல்லித் தரவேண்டியவை அல்ல. மனிதனின் நெஞ்சறைக்குள்ளே சுவாசப்பையைச் சூழ்ந்து நீர் கட்டியிருக்கின்றதா, காற்று புகுந்திருக்கின்றதா என்று அறியும் மருத்துவக் கலையும் இவ்விரு செயல்களிலிருந்தே வளர்ந்தது. அக்கலை 1872ஆம் ஆண்டளவில் தமிழில் அச்சேறியிருந்தது என்பதும், பின்னர் அது தமிழில் கற்பிக்கப்படாது போயிற்று என்பதும் இன்று பலரும் மறந்த செய்திகள்.

சுவாசப்பையை மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியிருக்கின்றது. அச்சவ்வே மடிந்து விலாவென்புகளின் உட்புறத்தையும் மூடுகின்றது. இவ்விரு மடிப்புக்களுக்கும் இடையில் உள்ள வெளி, உண்மையில் வெளி என்று சொல்லத் தகாதது. சில தேக்கரண்டி அளவினதான நீர் மாத்திரமே அங்குண்டு. நனைந்த இரு கண்ணாடித் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுபோல அவ்விரு மடிப்புக்களும் ஒட்டியிருத்தலால், விலா விரியுந்தோறும் சுவாசப்பையும் விரிகின்றது. இவ்வொட்டுதல் குலைந்தால் சுவாசப்பை தன் இயல்பான சுருங்குந் தன்மையால் ஒடுங்கிவிடும். நீர், சீழ், இரத்தம், காற்று என்ற நான்கில் எது இடையிற் புகுந்தாலும் விளைவு மூச்சுமுட்டலே. ஆயினும் நான்கிற்கும் காரணமும் பரிகாரமும் வெவ்வேறு. அவற்றைப் பிரித்தறிவதே மருத்துவர் முன்னுள்ள வினா.

பண்டைக் கிரேக்கர் இவ்வினாவுக்குக் கண்ட விடை தேங்காய் வாங்குவோர் கண்ட விடையாகும். ஹிப்போக்கிறற்றீஸின் பெயரால் வழங்கும் நூல்களிலே, நோயாளியை உட்காரவைத்துத் தோளைப் பிடித்துக் குலுக்கி, நெஞ்சிற் காதை வைத்துச் சலசலப்பைக் கேட்கும் முறை கூறப்பட்டுள்ளது. ஒலி வந்த பக்கத்தே விலா இடையிற் கீறிச் சீழை வடித்து, உலோகக் குழலும் செருகினர். ஆனால் ஒரு பிழை அங்கே நேர்ந்தது. நீர் நிறைந்த இளங்காய் குலுக்கினால் ஒலிக்காது. முற்றிய காயில் நீர் ஓரளவு வற்றி, அவ்விடத்தே காற்று நின்ற பின்னரே அது சலசலக்கும். நெஞ்சறையும் அவ்வாறே. நீரோ சீழோ மட்டும் நிறைந்திருந்தால் எவ்வளவு குலுக்கினும் பயனில்லை. நீரும் காற்றும் ஒருங்கே இருந்தால்தான் ஒலி எழும். கொடிகாமத்து வியாபாரி ஒருவர் எளிதிற் சொல்லிவிடக்கூடிய இவ்வுண்மை ஐரோப்பிய மருத்துவர்க்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரையில் தெளிவாகவில்லை.

யாழ்ப்பாணத்து நாட்டு வைத்தியர்கள் நாடி பிடித்தலிலும், நோயின் குணங்களை வினவியறிதலிலும் வல்லவர். செகராசசேகரம், பரராசசேகரம் என மன்னர் பெயர் தாங்கிய மருத்துவ நூல்கள் இங்கு வழிவழியாகப் பயிலப்பட்டன. பின்னதை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை பதிப்பித்தார். இருமல், ஈளை, சயம் ஆகிய நோய்களுக்கு இம்மரபில் மருந்துகள் பல. ஆயினும் நோய் நெஞ்சறையில் எவ்விடத்தே, எவ்வளவு உயரத்துக்கு நிற்கின்றது என்று வரையறுத்துக் காட்டும் முறை இம்மரபின் நோக்கத்துள் அடங்கியதன்று. அக்குறை இங்கு மட்டும் இருந்ததன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஐரோப்பிய மருத்துவரும் நோயாளியின் சொல்லையும் நாடியையும் சிறுநீரின் நிறத்தையுமே நம்பினர்.

அந்நிலையை மாற்றியவர் ஒஸ்திரியாவில் கிறாஸ் நகரிலே 1722இல் விடுதிக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்த லியோபோல்ட் அவென்பிறுக்கர். மதுப் பீப்பாயைத் தட்டி அதன் நிறைவை அறியும் வழக்கத்தை இளமையிலே தந்தையிடங் கண்டு, அதனையே பின்னர் நோயாளியின் நெஞ்சிற் கையாண்டார் என்று கூறுவர். இக்கதை முழுவதும் மெய்யோ அன்றோ, அவர் வியன்னாவின் ஸ்பானிய வைத்தியசாலையிலே பல ஆண்டு நோயாளரைத் தட்டிப் பார்த்ததும், இறந்தோர் நெஞ்சறையுள் நீரைச் செலுத்தி அதன் மட்டத்தைத் தட்டலொலியால் ஒப்பிட்டறிந்ததும் மெய். நலமுள்ள சுவாசப்பையின்மீது தட்டினால் துணி போர்த்த மத்தளம்போல் ஒலிக்கும். நீர் நின்றால் அவ்வொலி மடிந்து, தொடையிலே தட்டியதுபோன்ற மந்த ஓசையே கேட்கும். காற்று நிறைந்தாலோ வெறும் பெட்டியைத் தட்டியதுபோல் அளவுக்கு மீறி முழங்கும். அவென்பிறுக்கர் 1761இல் இலத்தீன் மொழியில் வெளியிட்ட சிறு நூலை அக்காலத்தவர் பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை. நெப்போலியனின் மருத்துவரான கோர்விசார் 1808இல் அதனைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து விரித்துரைத்தபின்னரே உலகம் அதனை ஏற்றது. அடுத்த ஆண்டில் ஆசிரியர் இறந்தார். மருத்துவ அறிவு பரவுவதற்கு மொழிபெயர்ப்பு எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்துக் கதையிலும் இதுவே மீண்டும் எதிர்ப்படும்.

கோர்விசாரின் மாணவர் லைனெக். பரிசின் நெக்கர் வைத்தியசாலையில் 1816ஆம் ஆண்டு, உடல் பருத்த இளம் பெண்ணொருத்தியின் நெஞ்சிலே நேரே காதை வைக்கத் தயங்கி, தாள்களைச் சுருட்டிக் குழலாக்கி அதன்வழியே கேட்டார். அதுவே ஸ்டெதஸ்கோப்பின் தொடக்கம். 1819இல் அவர் வெளியிட்ட நூல், நீர் கட்டிய நெஞ்சினதும் காற்றுப் புகுந்த நெஞ்சினதும் ஒலிகளை வேறுவேறாக வகுத்துக் காட்டியது. நெஞ்சறைக் காற்றுக்கு மருத்துவப் பெயரை இற்றாட் என்பவர் 1803இலேயே இட்டிருந்தார். உயிருள்ள நோயாளியிடத்து அதனைக் கண்டுகொள்ளும் வழியைத் தந்தவர் லைனெக்கே. தட்டினால் முழக்கம், குழல் வைத்துக் கேட்டால் மூச்சொலியின்மை. இவ்விரண்டும் சேர்ந்தால் அங்கே காற்று. தட்டினால் மந்தம், கேட்டாலும் மூச்சொலியின்மை, அங்கே நீர். குலுக்கற் சலசலப்புக்கு நீரோடு காற்றும் வேண்டும் என்பதையும் அவரே தெளிவுபடுத்தினார். இவற்றுக்கு வேண்டிய கருவிகள் விரலும் காதும் ஒரு மரக்குழலும் மாத்திரமே என்பதைக் கருத்தில் இருத்துதல் வேண்டும்.

அறிந்த பின் அகற்றுவதெப்படி? விலாவிடையிற் கத்தியாற் கீறுவதை அக்காலத்து மருத்துவர் அஞ்சினர். கீறிய வழியே வெளிக்காற்று உட்புகுந்து சுவாசப்பை ஒடுங்குவதும், சீழ் பிடிப்பதும், நோயாளி இறப்பதும் அடிக்கடி நிகழ்ந்தன. 1850இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் மொறில் வைமன் என்பவர் நுண்ணிய குழலூசியையும் உறிஞ்சுங் கருவியையும் இணைத்து, காற்றை உள்ளே விடாமலே நீரை எடுத்தார். பொஸ்ரன் மருத்துவர் ஹென்றி பௌடிச் அதே ஆண்டில் அம்முறையைக் கைக்கொண்டு, பல நோயாளரிடத்தே செய்து காட்டி, இடைவிடாது எழுதிப் பரப்பினார்.

அந்த மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் வூஸ்ரர் நகரத்தவரே சாமுவேல் பிஸ்க் கிறீன். 1822இல் பிறந்து, நியூயோர்க்கில் மருத்துவங் கற்று 1845இற் பட்டம் பெற்று, அமெரிக்க மிஷனின் வைத்தியராக 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். அவருக்கு முன்னரே 1820 முதல் பண்டத்தரிப்பிலே டாக்டர் ஜோன் ஸ்கடரும், பின்னர் வட்டுக்கோட்டையிலே டாக்டர் நேதன் வாட்டும் மருத்துவம் செய்திருந்தனர். கிறீன் மானிப்பாயில் நிலைகொண்டு, வந்த மறு ஆண்டிலிருந்தே உள்ளூர் இளைஞருக்கு மருத்துவங் கற்பிக்கலானார். அவரது முதன்மை நோக்கம் சமயப் பிரசாரம். அதுபற்றி அக்காலச் சைவப் பெருமக்கள் கொண்ட கருத்துவேறுபாடு தனியே ஆராயத்தக்கது. மருந்துக்காக மானிப்பாய்க்கு வந்தவர் எல்லாச் சமயத்தவரும் ஆவர்.

தொடக்கத்தில் அவர் ஆங்கிலத்திலேதான் கற்பித்தார். அவ்வாறு கற்றுத் தேறியவர் பலர் அரசாங்க உத்தியோகத்தையும் வெளியூர்ப் பதவிகளையும் நாடிச் சென்றனர். கிராமம் முன்போலவே வைத்தியரின்றி இருந்தது. இதைக் கண்ட கிறீன், தாம் இடையிலே அமெரிக்கா சென்று 1862இல் திரும்பியபின், 1864ஆம் ஆண்டளவிலிருந்து தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். தமிழிற் கற்றவர் ஊரிலே தங்குவர் என்பது அவர் கணிப்பு. அவரிடம் பயின்றோர் அறுபதுக்கு மேற்பட்டவர். அவருள் ஏறக்குறையச் சரிபாதியினர் தமிழிலே பயின்றவர்.

தமிழிற் கற்பிப்பதற்குத் தமிழில் நூல் வேண்டும். கற்றரின் உடற்கூற்று நூலும் மோன்செலின் பிரசவ வைத்தியமும் 1857இலேயே வெளிவந்திருந்தன. பின்னர் துறூயிற்றின் அறுவை மருத்துவம் 'இரண வைத்தியம்' என 1867இலும், கிறேயின் பெருநூல் 'மனுஷ அங்காதிபாதம்' என 1872இலும், ஹூப்பரின் மருத்துவக் கைந்நூல் 'வைத்தியாகரம்' என அதே ஆண்டிலும் தமிழில் வந்தன. இவ்வேலையில் அவருடைய மாணவர் பலர் உடனுழைத்தனர். கலைச்சொல் ஆக்குவதில் முதலிலே வழங்கு தமிழ்ச்சொல்லைத் தேடுதல், அது இல்லையேல் வடசொல்லைக் கொள்ளுதல், அதுவும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு இசையத் திரித்தல் என்ற ஒழுங்கைக் கைக்கொண்டார். அங்காதிபாதம், சுகரணம், கெமிஸ்தம் முதலிய சொற்கள் இவ்வழி வந்தவை. இவற்றுட் சில இன்று காதுக்கு இனிமையாக இல்லை எனலாம். ஆயினும் நூறு சொல்லை ஆக்கிவிட்டு நூலொன்றும் எழுதாத குழுக்களின் பணியோடு ஒப்பிடுகையில், ஆயிரக்கணக்கான பக்கங்களை எழுதி அச்சிட்டு வகுப்பிலும் வைத்தியசாலையிலும் பயன்படுத்திய ஒருவரின் சொற்களுக்குத் தனி மதிப்புண்டு.

இவற்றுள் வைத்தியாகரமே இக்கட்டுரைப் பொருளுக்கு மிக நெருங்கியது. அதன் ஆங்கில மூலம், கை என்னும் பேராசிரியர் விரித்துப் புதுக்கிய பதிப்புக்களிலே, தட்டியறிதலையும் குழல்வழிக் கேட்டறிதலையும் கொண்டு நெஞ்சு நோய்களைப் பிரித்தறியும் முறையை விளக்குவது. வியன்னாவிற் பிறந்து பரிசில் வளர்ந்த கலை, அவென்பிறுக்கரின் நூல் வெளிவந்து 111 ஆண்டுகளின் பின் தமிழுக்கு வந்து சேர்ந்தது. யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து ஏறக்குறைய 14 மைல் தூரத்திலுள்ள கொடிகாமம் போன்ற ஊரிலே இதன் பொருள் என்ன என்பதை எண்ணிப் பார்க்கலாம். புகைவண்டி வருவதற்கு முன்னர் அத்தூரம் மாட்டுவண்டியிற் கழியும் நெடும் பொழுது. மூச்சுமுட்டும் நோயாளி அதனைத் தாங்கமாட்டார். விரலும் காதும் பழகிய ஒருவர் அவ்வூரிலேயே இருப்பின், எது இன்றே ஊசியிட்டு வடிக்கவேண்டிய சீழ், எது பத்து நாள் பொறுக்கலாம் என்ற தீர்ப்பு அங்கேயே கிடைத்துவிடும்.

கிறீன் 1873இல் நாடு திரும்பி, 1884இல் வூஸ்ரரிற் காலமானார். அவர் தமிழருக்கு மருத்துவ ஊழியராய் இருந்தார் என்ற செய்தி அவர் விருப்பப்படியே அவரது கல்லறையிற் பொறிக்கப்பட்டது. அவர் சென்றபின் தமிழ்வழி மருத்துவ வகுப்பு நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1870இல் கொழும்பிலே தொடங்கிய மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்திற் கற்பித்தது. அதன் சான்றிதழே உத்தியோகத்துக்கு வழியாயிற்று. நூல்கள் இருந்தும் படிப்பாரின்றிப் போயின. மானிப்பாய் வைத்தியசாலை கிறீன் பெயராலேயே தொடர்ந்தது.

இதற்குள் மேல்நாட்டில் சிகிச்சை வேறொரு படி ஏறியிருந்தது. ஹம்பேர்க் நகரத்து மருத்துவர் பியூலோ 1875இற் கையாண்டு 1891இல் எழுதி வெளியிட்ட முறை மிக எளியது. நெஞ்சறையிற் செருகிய குழாயின் மறுநுனியைப் போத்தலிலுள்ள நீருக்குள் அமிழ்த்திவிட்டார். மூச்சு வெளிவரும்போது உள்ளிருக்குங் காற்றும் சீழும் குழாய்வழி இறங்கும். காற்று நீரிற் குமிழியாய் வெளியேறும். மூச்சை இழுக்கும்போது நீர் குழாயிலே சிறிது ஏறுமேயன்றி வெளிக்காற்று திரும்பிப் புகாது. போத்தல் நோயாளியின் நெஞ்சினும் தாழ இருத்தல் வேண்டும் என்பதொன்றே அதன் பெருவிதி. உலகெங்கும் நெஞ்சு நோய் விடுதிகளிலே தாதியர் இன்றும் அந்நீர்மட்டம் மூச்சோடு ஏறி இறங்குவதைப் பார்த்தே குழாய் அடைபடவில்லை என்பதை அறிகின்றனர்.

இம்முறையின் அருமை 1918இலே தெரிந்தது. இன்புளுவென்சாக் கொள்ளைநோயின்போது அமெரிக்கப் படைமுகாங்களிலே நெஞ்சறையிற் சீழ் கட்டியோருக்கு உடனே விலாவைத் திறந்து வடித்தனர். சராசரி நூற்றுக்கு முப்பதின்மர் மாண்டனர். எவாட்ஸ் கிறகாம் முதலியோர் அடங்கிய ஆணைக்குழு காரணத்தைக் கண்டது. சுவாசப்பை விலாவோடு ஒட்டிக்கொள்ளுமுன் திறந்ததால் வெளிக்காற்றே நோயாளரைக் கொன்றது. முதலில் ஊசியாலோ மூடிய குழாயாலோ வடித்து, சீழ் தடித்தபின்னரே திறக்கவேண்டுமென்று விதித்தபின் இறப்பு வெகுவாகக் குறைந்தது.

நெஞ்சறைக் காற்று நோயாக மட்டுமன்றி மருந்தாகவும் இருந்த காலம் ஒன்றுண்டு. இத்தாலிய மருத்துவர் கார்லோ போர்லனினி, காசம் பிடித்த சுவாசப்பைக்கு ஓய்வு கொடுத்தால் அது ஆறும் என்று 1882இற் கருதினார். ஊசிவழியே காற்றை ஏற்றிச் சுவாசப்பையை ஒடுக்கும் முறையை 1894இல் உரோமாபுரி மாநாட்டில் எடுத்துரைத்தார். அடுத்த அரை நூற்றாண்டு உலகெங்கும் சனட்டோரியங்களிலே இதுவே பெருஞ் சிகிச்சை. ஏற்றிய காற்றை உடல் உறிஞ்சிவிடுமாதலின் இரண்டு மூன்று வாரத்துக்கொருமுறை மீண்டும் ஏற்றவேண்டும், அதுவும் ஆண்டுக்கணக்காக. இதன் விளைவாகவே பலருக்கு நெஞ்சறையில் நீர் கட்டியது. சிலருக்குச் சீழும் பிடித்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே காங்கேசன்துறையிற் காசநோயாளருக்கெனச் சனட்டோரியம் ஒன்று இருந்தது. 1905இல் யாழ்ப்பாணம் வழியாகக் காங்கேசன்துறைவரை நீண்ட புகைவண்டிப் பாதையே கொடிகாமத்தையும் அவ்வூரையும் ஒரே வழியில் இணைத்தது.

இம்முறையை முடித்துவைத்தவை மருந்துகள். ஸ்ரெப்ரோமைசின் 1943இலும், ஐசோனியசிட் 1952இலும் காசத்துக்கெதிராய் வந்தன. சென்னையில் 1956இல் அமைந்த காசநோய் மருந்தாய்வு நிலையம், வீட்டிலிருந்து மருந்துண்டோரும் சனட்டோரியத்தில் நல்லுணவோடும் ஓய்வோடும் மருந்துண்டோரும் ஏறக்குறைய ஒரேயளவில் நலமடைந்தனர் என்றும், வீட்டிலுள்ளோருக்கு அதனால் மிகுதியான தொற்று உண்டாகவில்லை என்றும் 1959இல் வெளியிட்டது. தமிழ் மண்ணில் நடந்து உலகத்தின் மருத்துவ வழக்கையே மாற்றிய ஆய்வு அது. சனட்டோரியங்கள் மெல்ல மெல்ல வெறுமையாயின.

ஆனால் காசத்தைப் பற்றிய அச்சம் அத்துணை விரைவில் மறையவில்லை. உயர்ந்து மெலிந்த இளைஞன் ஒருவனுக்கு, அடியும் விழாமல் காய்ச்சலும் இல்லாமல், திடீரென நெஞ்சு நொந்து மூச்சு முட்டினால், அஃது உள்ளே மறைந்திருக்கும் காசத்தின் வேலை என்றே மருத்துவர் நெடுங்காலம் நம்பினர். டென்மார்க்கு மருத்துவர் கியேர்கார்ட் 1932இல் அதனை மறுத்து, சுவாசப்பையின் மேல்நுனியிலுள்ள சிறு கொப்புளம் வெடிப்பதே பெரும்பாலும் காரணம் என நிறுவினார். 'கசம்' என்ற ஒரு சொல் குடும்பத்தின் கலியாணப் பேச்சுகளையெல்லாம் குலைத்துவிடக்கூடிய சமுதாயத்திலே இத்திருத்தத்தின் பயன் மருத்துவத்தோடு நின்றுவிடுவதன்று. ஆயின் மறுபுறமும் சொல்லுதல் வேண்டும். இளவயதினர்க்கு ஒரு பக்கத்தே நீர் கட்டி, மாலைக் காய்ச்சலும் மெலிவும் இருப்பின், இந்நாடுகளில் முதலில் ஐயுறவேண்டியது இன்றும் காசமே. அதற்கு ஆறு மாத மருந்து போதும். நீரை வடித்ததோடு நின்று மருந்தை விடுபவருக்குப் பின்னர் சுவாசப்பையிலே காசம் தோன்றக்கூடும்.

இன்றைய முறைகளைச் சுருங்கக் கூறலாம். றொன்ற்கன் 1895இற் கண்ட எக்ஸ்றே, நிமிர்ந்து நிற்பவரிடத்தே ஏறக்குறைய 200 மில்லி லீற்றர் நீரையேனும் காட்டும். ஒலியலைப் படம் அதனினும் மிகக் குறைந்த நீரையும் காட்டி, ஊசியிடும் இடத்தையும் சுட்டுகின்றது. றிச்சாட் லைட் 1972இல் வகுத்த அளவைகள், நீரிலும் இரத்தத்திலும் உள்ள புரதத்தையும் நொதியம் ஒன்றையும் ஒப்பிட்டு, இருதயம், ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றின் தளர்ச்சியால் ஊறிய நீரை, காசம், நிமோனியா, புற்றுநோய் ஆகியவற்றால் சவ்வே கெட்டுச் சுரந்த நீரினின்றும் பிரிக்கின்றன. நெடுநாள் நின்ற நீரை ஒரே முறையில் ஒன்றரை லீற்றருக்கு மேல் எடுப்பதைப் பொதுவாகத் தவிர்ப்பர்; ஒடுங்கிய சுவாசப்பை சடுதியாக விரிந்தால் அதுவே வீங்கும். தானாகத் தோன்றிய காற்றுக்கோ, அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 316 பேரிடத்தே நடந்து 2020இல் வெளிவந்த ஆய்வு, குழாயிடாது பார்த்திருந்தவருள் ஏறக்குறைய 85 சதவீதத்தினர்க்கு எந்தச் செயன்முறையும் வேண்டப்படவில்லை என்று காட்டியது. பியூலோவின் போத்தலை எடுக்குமுன் சற்றுப் பொறுத்தலும் மருத்துவமே என்றாயிற்று.

பொறுக்க இடமில்லாத நிலை ஒன்றுண்டு. பனையிலிருந்து விழுந்தவருக்கு விலா முறிந்து சுவாசப்பையைக் குத்துவதும், குண்டுச் சிதறல் நெஞ்சைத் துளைப்பதும் இம்மண் அறிந்தவை. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் கைதடி, சாவகச்சேரி, கொடிகாமம் வழியே தென்மராட்சிக்குள் வந்தபோதும், 2000இல் தென்மராட்சியே போர்க்களமானபோதும் இக்காயங்கள் நேர்ந்தன. காயத்தின் வாய் ஒருவழிக் கதவுபோலாகி, மூச்சுதோறும் காற்று உட்புகுந்து வெளியேறாது தங்கினால், இருதயமும் மறுபக்கஞ் சாயும்; இரத்த ஓட்டம் நிற்கும். மணித்தியாலங்களல்ல, நிமிடங்களே அங்கு உள்ளன. எக்ஸ்றே எடுக்கும்வரை காத்திருத்தலே பிழை என்று மருத்துவ நூல்கள் ஒருமுகமாகச் சொல்வது இந்நோய்க்கே. தட்டினால் முழக்கம், மூச்சொலியின்மை, கழுத்து நாளப் புடைப்பு, தளரும் நாடி. இவற்றைக் கண்டவுடன் ஊசியைச் செருகிக் காற்றை வெளிவிடுதல் வேண்டும். முன்னர் காறையென்பின் கீழ் இரண்டாம் விலாவிடையிலே செருகும்படி கற்பித்தனர். 2018 முதல், வளர்ந்தோர்க்கு அக்குளின் கீழ் நான்காம் அல்லது ஐந்தாம் விலாவிடையே தக்கதென விபத்து மருத்துவ வழிகாட்டி கூறுகின்றது.

1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் தொடங்கியபொழுது அதன் முதல் வகுப்புக்கள் தென்மராட்சியிலேயே, கைதடி ஆயுள்வேத வைத்தியசாலைக் கட்டடத்தில் நடைபெற்றன. கிறீன் நாடு திரும்பி நூற்றைந்து ஆண்டுகளின் பின் மருத்துவக் கல்வி மீண்டும் குடாநாட்டுக்கு வந்தது, பாடமொழி ஆங்கிலம். அதற்குத் தக்க நியாயங்கள் பல. ஆயினும் அங்கே கற்ற மாணவர், விடுதியிற் படுத்திருக்கும் முதியவரின் முதுகிலே இடக்கை விரலை வைத்து வலக்கை விரலால் தட்டி, மந்தவொலி எங்கே தொடங்குகின்றது என்று செவிகொடுத்துக் கேட்டபின், தாம் கண்டதை அவருக்குத் தமிழிலேதான் சொல்லவேண்டியிருந்தது. 'உங்கட நெஞ்சுக்குள்ளே தண்ணி நிக்குது' என்பதற்கு அப்பால், ஏன் நிற்கின்றது, ஏன் ஊசியிடவேண்டும், நீர் வடிந்தபின்னும் ஆறு மாதம் ஏன் மருந்துண்ணவேண்டும் என்று விளக்கும் நடையை ஒவ்வொருவரும் தாமே தேடிக்கொண்டனர். வைத்தியாகரம் அந்நடையை ஒருகால் தேடிப் பார்த்த நூல்.